தொலைநிலை பி.எட்.: கடலூர், புதுச்சேரி பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் பக்கத்தில் ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பள்ளி ஒன்றில் நான் இடைநிலை ஆசிரியர். வேலையில் இருந்துகொண்டே இக்னோவில், அதாவது இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில், பி.எட். முடித்தேன். அதிலிருந்து ஒவ்வொரு வருடமும் விண்ணப்பம் வெளிவரும் சமயத்தில் மஞ்சக்குப்பம், நெல்லிக்குப்பம், பாகூர், அரியாங்குப்பம் என்று எங்கெங்கிருந்தோ போன் வருகிறது. கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். பணம் கட்டிய பிறகு கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. கட்டுவதற்கு முன்பே படிக்கட்டும் என்று எழுதி வைக்கிறேன்.

டிகிரி முடித்த யார் வேண்டுமானாலும் தொலைநிலையில் பி.எட். சேரலாமா?

முடியாது. பலருக்கு இது தெரியாமலேயே பணம் போகிறது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014-ஆம் ஆண்டு விதிகள்படி தொலைநிலை பி.எட். இரண்டு வகையினருக்கு மட்டும்தான். ஒன்று, தொடக்கக் கல்வியில் பயிற்சி பெற்று இப்போது பணியில் இருக்கும் ஆசிரியர்கள். இன்னொன்று, குழுமத்தின் அங்கீகாரம் பெற்ற ஓர் ஆசிரியர் பயிற்சிப் படிப்பை நேரடி வகுப்பில் முடித்தவர்கள். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், வடலூர் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்திலோ அங்கீகாரம் உள்ள வேறு பயிற்சிப் பள்ளியிலோ டி.டி.எட். என்ற ஆசிரியர் பட்டயப் படிப்பை முடித்திருக்க வேண்டும். இப்போது அதன் பெயர் டி.எல்.எட். அதோடு பட்டப்படிப்பும் இருக்க வேண்டும்.

இரண்டாவது வகையில் வருகிறவர்கள் இப்போது வேலையில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. டி.டி.எட். முடித்து, கல்யாணத்துக்குப் பிறகு பட்டப்படிப்பையும் முடித்து வீட்டில் இருக்கும் பெண்கள் நம் மாவட்டத்தில் ஏராளம். அவர்களுக்கு இது திறந்திருக்கும் கதவு. இது தெரியாமல் "நான் வேலைக்குப் போகலையே" என்று ஒதுங்கி நிற்கிறார்கள். அவர்களை நினைத்துத்தான் இதை முதல் கேள்வியாக வைத்தேன்.

டி.டி.எட். இல்லை டீச்சர். ஆனால் தனியார் பள்ளியில் ஆறு வருடமாகப் பாடம் எடுக்கிறேன். அனுபவம் போதாதா?

போதாது. விதியில் "பயிற்சி பெற்ற" என்ற சொல் இருக்கிறது. ஆறு வருடம் ஆனாலும் பதினாறு வருடம் ஆனாலும் பயிற்சிச் சான்றிதழ் இல்லாத அனுபவம் இந்த விண்ணப்பத்தில் செல்லாது. உங்கள் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. "அனுபவம் இருக்குன்னு போடுங்க, நாங்க பாத்துக்கறோம்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். சேர்ந்த பிறகு சான்றிதழ் சரிபார்ப்பில் நிற்கப் போவது நீங்கள்தான்.

உங்களுக்கு இருக்கும் நேர் வழி கல்லூரிக்குப் போய்ப் படிக்கும் இரண்டு வருட பி.எட். அதற்கு டி.டி.எட். தேவையில்லை.

எவ்வளவு மதிப்பெண் வேண்டும்?

பட்டப்படிப்பில் குறைந்தது 50 சதவீதம். இக்னோவில் இளநிலையில் குறைந்திருந்தாலும் முதுநிலையில் 50 இருந்தால் ஏற்கிறார்கள். அறிவியல், கணிதப் பின்னணியோடு பி.இ., பி.டெக். முடித்தவர்களுக்கு 55. எஸ்.சி., எஸ்.டி., கிரீமி லேயர் என்ற வசதியான பிரிவில் வராத ஓபிசி (இதர பிற்படுத்தப்பட்டோர்), மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு 5 சதவீதம் தளர்வு உண்டு. 49.6 வைத்துக்கொண்டு "50 ஆக்கிக்கொள்வார்கள்" என்று நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

இக்னோவா, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமா?

முதலில் உங்கள் மொழியைப் பாருங்கள். இக்னோ பி.எட். ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். பாடப் புத்தகம், ஒப்படைப்பு, தேர்வு எல்லாமே அப்படித்தான். 2002-இல் தொடங்கப்பட்டு சென்னை சைதாப்பேட்டையிலிருந்து இயங்கும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் வழியில் படிக்கலாம்.

இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு. 2020-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பள்ளியிலிருந்து தொடங்கிப் பணிக்குரிய கல்வித் தகுதி வரைக்கும் தமிழ் வழியா என்று பார்க்கிறார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து பட்டம் வரை தமிழிலேயே படித்தவர் பி.எட்.டை மட்டும் ஆங்கிலத்தில் முடித்தால் அந்த வரிசை அங்கே அறுந்துபோகும். நான் சேர்ந்தபோது இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. பெயர் பெரிதாக இருக்கிறதே என்று இக்னோ போனேன். படிப்பில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. இன்று மறுபடி தேர்ந்தெடுக்கச் சொன்னால் பத்து நாள் யோசித்திருப்பேன்.

சென்னைக்கோ விழுப்புரத்துக்கோ அலைய முடியுமா என்பதையும் கணக்கில் வையுங்கள். கடலூர், புதுச்சேரி இரண்டுக்கும் இக்னோவின் மண்டல மையம் சென்னையில் இருக்கிறது. திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கு விழுப்புரத்தில் மண்டல மையம் உண்டு. பி.எட். நடத்தும் படிப்பு மையம் எல்லா ஊரிலும் இருக்காது. உங்களுக்கு ஒதுக்கப்படும் மையம் எதுவென்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நான் புதுச்சேரி. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் சேரலாமா?

கன்னியகோயில் தாண்டினால் கடலூர் மாவட்டம் என்பது பேருந்தில் போகிறவர்களுக்குச் சின்ன விஷயம். சட்டத்தில் அது மாநில எல்லை. மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் எல்லை அந்த மாநிலம்தான், அதன் படிப்பு மையங்களும் அதற்குள்தான் இருக்கும். புதுச்சேரியில் குடியிருப்பவர்கள், அங்கே பணியாற்றுபவர்கள் தங்களுக்கு இடம் உண்டா என்று அந்த ஆண்டின் விளக்கக் கையேட்டில் படித்துவிட்டு, பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொண்டு பணம் கட்டுங்கள். இக்னோ மத்தியப் பல்கலைக்கழகம் என்பதால் இந்தச் சிக்கல் வராது. புதுச்சேரியிலிருந்து என்னிடம் பேசியவர்களில் அநேகம் பேர் கடைசியில் இக்னோதான் போனார்கள்.

"வகுப்புக்கே வர வேண்டாம், வீட்டிலிருந்தே பி.எட்." என்று விளம்பரம் வருகிறதே?

தொலைநிலை பி.எட். என்றாலும் பயிலரங்கு, பள்ளிப் பயிற்சி இரண்டுக்கும் நேரில் போயே ஆக வேண்டும். விதியிலேயே அப்படி இருக்கிறது. வரவே வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அவர் விற்பது பி.எட். இல்லை. வேறு மாநிலத்துப் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லி, தேர்வுக்கு மட்டும் வேனில் கூட்டிப்போகிறோம் என்று பேசும் தரகர்களை நானே பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரு பெண் இரண்டு பவுன் சங்கிலியை அடகு வைத்து முன்பணம் கட்டினார். அந்த அலுவலகம் ஆறு மாதத்தில் காலி. சங்கிலியை மீட்க அவருக்கு இரண்டு வருடம் ஆனது.

சோதிக்க வழி சுலபம். ஒரு பல்கலைக்கழகம் தொலைநிலைப் படிப்பு நடத்த பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி தர வேண்டும். அந்தப் பிரிவின் இணையதளத்தில் ஒவ்வொரு ஆண்டுக்கும் எந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தப் படிப்புக்கு அனுமதி என்று போட்டிருப்பார்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது, பி.எட். என்ற வரியும் நீங்கள் சேரும் ஆண்டும் இருக்க வேண்டும். கூடவே தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரமும் வேண்டும். போன வருடம் அனுமதி இருந்தது என்பது இந்த வருடத்துக்குச் சாட்சி ஆகாது.

ஏபிசி ஐடி, டெப் ஐடி என்று கேட்கிறார்கள். அது என்ன?

ஏபிசி ஐடி என்பது மாணவர்கள் படிப்பில் சேர்க்கும் கிரெடிட் புள்ளிகளின் கணக்கு எண். டிஜிலாக்கர் வழியாக ஆதார் வைத்து எடுக்க வேண்டும். டெப் ஐடி என்பது மானியக் குழுவின் தொலைநிலைப் பிரிவில் நாமே பதிவு செய்து வாங்கும் எண். 2024-லிருந்து தொலைநிலைப் படிப்பில் சேர இது கட்டாயம். ஏபிசி ஐடி இருந்தால்தான் டெப் ஐடி வரும்.

இங்கேதான் தமிழ்நாட்டுக்காரர்கள் சிக்கிக்கொள்கிறோம். காரணம் நம் இனிஷியல். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் "கவிதா எஸ்". ஆதாரில் "எஸ் கவிதா". பட்டச் சான்றிதழில் புள்ளியோடு ஒரு மாதிரி. கல்யாணம் ஆனவர்கள் ஆதாரில் கணவர் பெயரின் முதலெழுத்துக்கு மாறியிருப்பார்கள். மனிதர் பார்த்தால் ஒரே ஆள் என்று புரியும். கணினிக்குப் புரியாது. பெயர் பொருந்தவில்லை என்று திருப்பிவிடும்.

பத்தாம் வகுப்புச் சான்றிதழில் என்ன இருக்கிறதோ, ஆதாரில் அதே எழுத்து, அதே வரிசை, அதே இடைவெளி இருக்கும்படி மாற்றுங்கள். பிறந்த தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆதார் திருத்தத்துக்கு நாள் பிடிக்கும், ஆகவே விண்ணப்பம் வரும்வரை காத்திருக்காமல் இன்றைக்கே சரிபாருங்கள். கணவர் பெயரின் முதலெழுத்து வேண்டும் என்றால் படிப்பு முடிந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம். எங்கள் பள்ளிக்குப் பக்கத்தில் அங்கன்வாடியில் இருக்கும் அக்கா ஒருவருக்கு இந்த ஓர் எழுத்துக்காக ஒரு வருடம் தள்ளிப்போனது.

என்னென்ன சான்றிதழ்கள் தயாராக வைக்க வேண்டும்?

பத்து, பன்னிரண்டு மதிப்பெண் பட்டியல், பட்டப்படிப்பின் எல்லாப் பருவ மதிப்பெண் பட்டியலும் பட்டச் சான்றிதழும், ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ், பணியில் இருந்தால் பணிச் சான்று, சாதிச் சான்றிதழ், புகைப்படம், கையெழுத்து.

சாதிச் சான்றிதழில் ஒரு கவனம் வேண்டும். நம் கையில் இருக்கும் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் மாநில அரசுக்கு உரியது. இக்னோ மத்திய நிறுவனம், அதற்கு மத்திய அரசுப் படிவத்தில் ஓபிசி சான்றிதழ் வேண்டும், கிரீமி லேயரில் வரவில்லை என்ற குறிப்போடு. வட்டாட்சியர் அலுவலகம் தரும், இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். எம்.பி.சி. சான்றிதழைப் பதிவேற்றிவிட்டு நிம்மதியாக இருந்தவர்களுக்குப் பிறகு பொதுப் பிரிவில் போட்டிருந்த கதை நிறைய உண்டு.

பணிச் சான்று எப்படி இருக்க வேண்டும்?

கையேட்டின் கடைசிப் பக்கங்களில் மாதிரி இருக்கும். அதே வாசகத்தில் வாங்குங்கள். எனக்கு முதல் தடவை திரும்பி வந்தது. தலைமையாசிரியர் அன்பாக, "இவர் மிகச் சிறப்பாகப் பணியாற்றி வருகிறார்" என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தார். தேதியும் இல்லை, அனுப்புகை எண்ணும் இல்லை, எந்த வகுப்புகளுக்கு எடுக்கிறேன் என்பதும் இல்லை. இரண்டாவது தடவை நான்கே வரி. பணியில் சேர்ந்த நாள், பதவி, வகுப்புகள், பள்ளியின் அங்கீகார விவரம். கீழே கையெழுத்து, முத்திரை, நாள். அது போதுமானதாக இருந்தது.

அரசுப் பள்ளி ஆசிரியர் அனுமதி வாங்க வேண்டுமா?

கட்டாயம், அதுவும் சேர்வதற்கு முன்பு. உயர்கல்வி பயிலத் துறையின் முன் அனுமதி இல்லாமல் படித்தால், பட்டத்தைப் பணிப்பதிவேட்டில் ஏற்றும்போது வாயடைத்து நிற்க வேண்டிவரும். விண்ணப்பித்த நகலையும் பதிலையும் பத்திரமாக வையுங்கள்.

நுழைவுத் தேர்வு கடினமா?

இக்னோவில் நுழைவுத் தேர்வு உண்டு. 100 கேள்விகள், இரண்டு மணி நேரம், தவறுக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது. ஆங்கிலப் பத்தி படித்துப் பதில் சொல்வது, தர்க்கம், கல்வி மற்றும் பொது அறிவு, கற்பித்தலும் பள்ளியும் என்று 80 கேள்விகள். நீங்கள் தேர்ந்தெடுத்த பாடத்தில் 20.

பள்ளியில் வேலை பார்க்கிறவர்களுக்குக் கற்பித்தல் பகுதி தானாக வரும். நம்மை இழுத்துப் பிடிப்பது தர்க்கப் பகுதி. இரத்த உறவு, திசை, எண் வரிசை இதெல்லாம் படித்து இருபது வருடம் ஆகியிருக்கும். தினமும் அரை மணி நேரம், இரண்டு மாதம் போட்டுப் பார்த்தால் கை வந்துவிடும். நான் மகனின் போட்டித் தேர்வுப் புத்தகத்தைத்தான் வைத்துப் படித்தேன். குறைப்பு இல்லாததால் ஒரு கேள்வியையும் விடாமல் நிரப்பிவிடுங்கள்.

செலவு எவ்வளவு ஆகும்?

இக்னோவில் விண்ணப்பக் கட்டணம் 1,000 ரூபாய், படிப்புக்கு மொத்தம் 55,000 ரூபாய் என்று இருந்தது. அந்த ஆண்டுக் கையேட்டில் உள்ளதே இறுதி. அப்புறம் பயிலரங்கு நாட்களில் தங்குவதும் சாப்பாடும் போக்குவரத்தும் தனி. அதைக் கணக்கில் சேர்க்காமல் கிளம்பி நடுவில் கடன் வாங்காதீர்கள்.

வேலையை விடாமல் முடிக்க முடியுமா?

முடியும். ஆனால் விடுப்பை முன்பே கணக்குப் போட வேண்டும். இக்னோவில் வருடத்துக்கு ஒன்றாக இரண்டு பயிலரங்குகள், ஒவ்வொன்றும் 12 நாள். வருகை கட்டாயம். பள்ளிப் பயிற்சி முதல் வருடம் 4 வாரம், இரண்டாம் வருடம் 12 வாரம், மொத்தம் 16 வாரம்.

பயிலரங்கை விடுப்பு எடுத்துச் சமாளித்துவிடலாம். பள்ளிப் பயிற்சிதான் பலர் எதிர்பார்க்காதது. பி.எட். ஆறாம் வகுப்புக்கு மேல் எடுப்பதற்கான படிப்பு. என் பள்ளியில் ஐந்து வரைதானே? நான் பக்கத்து உயர்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டியிருந்தது. அந்தத் தலைமையாசிரியரின் ஒப்புதல், என் தலைமையாசிரியரின் ஒப்புதல், என் வகுப்பை அதுவரை யார் பார்ப்பது என்ற பேச்சு, எல்லாம் சேர்ந்து ஒன்றரை மாதம் ஓடியது. ஈராசிரியர் பள்ளியில் இருப்பவர்களுக்கு இது இன்னும் கஷ்டம். சேர்ந்த உடனேயே இந்தப் பேச்சைத் தொடங்கிவிடுங்கள், இரண்டாம் வருடம் வரட்டும் என்று விடாதீர்கள்.

ஒரு விஷயம் மனதார சொல்கிறேன். அந்தப் பன்னிரண்டு வாரத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தபோது, ஐந்தாம் வகுப்பில் நான் அவசரமாகக் கடந்துபோன பின்னங்கள் எங்கே வந்து அவர்கள் காலை வாருகின்றன என்று கண்ணால் பார்த்தேன். திரும்பி வந்து என் வகுப்பில் பின்னத்துக்கு மட்டும் கூடுதலாக மூன்று வாரம் ஒதுக்கினேன்.

நடுவில் குழந்தை பிறந்தால்?

இக்னோவில் குறைந்தது இரண்டு வருடம், அதிகபட்சம் ஐந்து வருடத்துக்குள் முடிக்கலாம். நிறுத்தி மூச்சு வாங்கித் தொடருங்கள்.

பி.எட். முடித்தால் வேலையோ பதவி உயர்வோ உறுதியா?

இல்லை. அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியராக டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் தேர்ச்சி வேண்டும். தமிழ்நாட்டில் அதோடு ஆசிரியர் தேர்வு வாரியத்தின் நியமனத் தேர்வும் எழுத வேண்டும், 2018-ஆம் ஆண்டு அரசாணை அப்படி. பதவி உயர்வை நினைத்துப் படிக்கும் இடைநிலை ஆசிரியர்கள் 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். பதவி உயர்வுக்கும் டெட் தேர்ச்சி தேவை என்றது அந்தத் தீர்ப்பு. ஆகவே பி.எட். பாடத்தையும் டெட் பாடத்தையும் சேர்த்தே படியுங்கள். குழந்தை உளவியல் இரண்டிலும் வருகிறது.

பி.எட். மட்டும் வைத்து ஒன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளுக்கு ஆசிரியராக முடியாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்கு டி.எல்.எட்.தான் தகுதி. உங்களிடம் அது ஏற்கெனவே இருப்பதால் இரண்டு பக்கமும் உங்களுக்கு வாசல் இருக்கிறது.

பன்னிரண்டாம் வகுப்பு படிக்காமல் நேராகத் திறந்தநிலையில் டிகிரி வாங்கினேன். சிக்கல் வருமா?

வரும். தமிழ்நாட்டு அரசுப் பணிக்குப் பத்து, பன்னிரண்டு, அதன் பிறகு பட்டம் என்ற வரிசையில் படித்திருக்க வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டின் 107-ஆம் எண் அரசாணை சொல்கிறது. பி.எட்.டுக்கு இவ்வளவு பணமும் இரண்டு வருடமும் போடுவதற்கு முன் இதை யோசியுங்கள்.

சிறப்புக் கல்வி பி.எட். என்கிறார்களே, அதுவும் இதுதானா?

தனிப் படிப்பு. இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் கீழ் வருகிறது, சேர்க்கை நிபந்தனைகளும் வேறு. மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளோடு வேலை செய்ய மனம் இருந்தால் மட்டும் அதன் கையேட்டைத் தனியாக வாங்கிப் படியுங்கள். மற்றதில் இடம் கிடைக்கவில்லை என்று அதில் போய் விழ வேண்டாம்.

எப்போது விண்ணப்பிக்க வேண்டும்?

இக்னோவில் சில ஆண்டுகளாக ஜனவரி பருவத்துக்குத்தான் பி.எட். சேர்க்கை நடக்கிறது. அப்படியென்றால் விண்ணப்பிக்கும் காலம் சில ஆண்டுகளில் நமக்கு மழைக்காலத்தில் வந்துவிடும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கரண்டும் இல்லை, நெட்டும் இல்லை, வீட்டுக்குள் தண்ணீர். டிரங்குப் பெட்டியில் வைத்திருந்த சான்றிதழ்கள் நனைந்தவர்களை எனக்குத் தெரியும். கடைசித் தேதிக்கு இரண்டு நாள் இருக்கிறதே என்று நம் கரையில் இருப்பவர்கள் காத்திருக்கக் கூடாது. அக்டோபர் பிறக்கும் முன்பே எல்லாச் சான்றிதழையும் ஸ்கேன் செய்து டிஜிலாக்கரிலும் மின்னஞ்சலிலும் போட்டுவிடுங்கள். அசலை பிளாஸ்டிக் உறையில் சுற்றிப் பரண் மேல் வையுங்கள். விண்ணப்பம் திறந்த முதல் வாரத்திலேயே பணம் கட்டி, ரசீதை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை அம்மா வீட்டில் கொடுத்து வையுங்கள்.